வாய்திறப்பாரும் ஊமைக் கம்ப்யூட்டர்களும்

டயர் கடைக்கு மேலே மாடிக்குப் போகும் படிக்கட்டில் அன்று காலை நிற்க இடமில்லை. ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு வரிசை கட்டி நின்றார்கள். ஒருவர் அதற்குப் போர்வை வேறு போர்த்திக் கொண்டுவந்திருந்தார். சளி பிடித்துவிட்டால் என்ன செய்வது, பாவம்! பாட்டு வாத்தியார், டிக்கெட் பதிவுக் கடைக்காரர், கணக்கு ட்யூஷன் எடுக்கும் டீச்சர், ஸ்டூடியோக்காரர் என்று தெருவில் பாதி அங்கேதான் இருந்தது. எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் ஒரே நோய். காலையில் பொத்தானை அமுக்கினால் திரை எரியும், படம் வரும், எழுத்து வரும். சத்தம் மட்டும் வராது. மூலையில் ஒலிபெருக்கிப் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி உட்கார்ந்திருக்கும்.

ஒரே தெருவில் இத்தனை பேருக்கு ஒரே நோயா என்று கேட்பீர்கள். முனையில் இருந்த கடைக்காரர் ஒரே கம்பெனியின் ஒரே மாடலைத் தள்ளுபடி போட்டுத் தெரு முழுக்கத் தள்ளிவிட்டிருந்தார். ஒரே அச்சில் வார்த்த சாமான்களுக்கு ஒரே கோளாறு வந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அதிசயம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு அதுவே போதுமான அதிசயம்.

"ஐயா வந்தாச்சா?"

"வந்து உள்ள ஒண்ணுக்கு வாய் திறந்துக்கிட்டிருக்காரு."

"நேத்து ஒரு மெஷின் பேசினதோட நிக்கலையாமே. அழுதுச்சாமே!"

"அழுதுச்சா?"

"என் மச்சானோட சிநேகிதன் கண்ணால பார்த்திருக்கான்."

மச்சானின் சிநேகிதர்கள் இல்லாவிட்டால் உலகத்தில் பாதி அற்புதங்கள் நடந்தே இருக்காது. அவர்கள் எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருப்பார்கள். அவர்களைத்தான் யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா மேலே ஏறினாள். அந்த மாடியில் இருக்கும் ஆபீஸில்தான் அவளுக்கு வேலை. முகத்துக்கு நேரே எல்லோரும் 'அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'ஒத்தக்காது' என்பார்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இடது காது போய்விட்டது. மீதியிருந்த வலது காதை வைத்துக்கொண்டு அவள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள் என்றால் அது மிகையில்லை. அவள் பார்த்த வேலையே கேட்கிற வேலை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். டைப் அடித்த குறிப்பு போனால்தான் அங்கே அடுத்த மருந்து, அடுத்த ஊசி.

அப்படிப்பட்ட ஆபீஸில் கம்ப்யூட்டர்கள் ஊமையானால் என்ன ஆகும்? முதல் நாள் எல்லோரும் டீ குடித்தார்கள். இரண்டாம் நாள் மேனேஜர், கம்ப்யூட்டர்களைச் செய்து விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் பேசினாள்.

"சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"அதெல்லாம் பத்துத் தடவை பண்ணியாச்சும்மா. வேற ஏதாவது இருந்தா சொல்லு."

"ரீஸ்டார்ட்தானே பண்ணீங்க?"

"அணைச்சு அணைச்சுப் போடறோம், கை வலிக்குது. என்னையே குறுக்கு விசாரணை பண்றியா?" என்று டொக்கென்று வைத்துவிட்டார். அவருடைய மச்சான் அன்று மாலையே வாய்திறப்பாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். இந்த மச்சானை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

வாய்திறப்பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம். கணுக்கால் வரை நீல அங்கி. கையில் ஒரு வெண்கல மணி, தோளில் ஒரு கறுப்புத் துணி. மனிதர்களுக்குப் பேய் ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அதில் போட்டி அதிகம். இவர் புத்திசாலி. இயந்திரத்துக்கு ஓட்டினார். "பேச்சு முடியறதுக்குள்ள செத்துப்போனவங்களோட குரல் காத்துல அலையும். அது மெஷினுக்குள்ள பூந்து தொண்டையைக் கட்டும்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னபோது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேனேஜர் பேச்சைக் கூட நம்பாத ஆபீஸ் மொத்தமும் அப்படியே நம்பியது.

வைத்தியம் எளிமையானது. நோயாளிக் கம்ப்யூட்டரைக் கறுப்புத் துணியால் மூடுவார். தானும் தலையைத் துணிக்குள் விட்டுக்கொள்வார். வெளியே இடது கை மணியை ஆட்டும். உள்ளேயிருந்து குரல் வரும்: "சத்தமே வா, நித்தமே வா, மொத்தமாய் வா, தொண்டை திற, துவாரம் திற!" சற்று நேரம் போகும். பிறகு துணிக்குள்ளிருந்து 'டிடிங்' என்று ஒரு இனிய ஓசை. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது வழக்கமாகப் பாடுகிற அதே ஓசைதான். ஆனால் அதைக் கேட்டதும் ஆபீஸ் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேனேஜர் அவர் நீட்டிய உண்டியலில் போட்டார்.

போகும்போது ஒரு கட்டளையும் இட்டுவிட்டுப் போவார். "சாயங்காலம் வேலை முடிஞ்சா மெஷினை மரியாதையாத் தூங்க வைக்கணும். ஷட் டவுன். ஒருத்தர் விடாம. அப்படியே விட்டுட்டுப் போனா குரல் திரும்பப் பூந்துக்கும்."

ஒருவர் விடாமல் தூங்க வைத்தார்கள். மறுநாள் காலை அத்தனையும் ஊமை. மறுபடி வாய்திறப்பார், மறுபடி மணி, மறுபடி உண்டியல். தினமும் வந்தார். அரை நாள் மந்திரத்தில் போனது, மீதி அரை நாளில் வேலை நடந்தது. ஒரு மருந்து தினமும் கேட்கிறது என்றால் அது நோயைத் தீர்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இதை டாக்டர் குறிப்புகளை டைப் அடித்தே வயதான ஆபீஸ் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கடைசியில் மேனேஜருக்கே பொறுமை போய்விட்டது. ஆஸ்பத்திரிகளிலிருந்து திட்டு மேல் திட்டு.

"ஐயா, தினமும் காலையில வந்து கஷ்டப்படறீங்க. நிரந்தரமா ஒரு வழி இல்லையா?"

வாய்திறப்பார் கண்ணை மூடினார். நிரந்தரமாகத் தீர்த்துவிட்டால் அவர் பிழைப்பு என்னாவது? தீரவில்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் தன் மேல் விழக் கூடாது. இந்த மாதிரி நேரத்தில் உலகத்து மந்திரவாதிகள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். சுற்றிலும் பார்த்து, எதிர்த்துப் பேச முடியாத ஆள் யார் என்று தேடினார்.

"இந்த அறையில ஒரு செத்த காது இருக்கு," என்றார். "நான் திறந்துவிடற சத்தத்தை எல்லாம் அது குடிச்சுடுது."

தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அக்காவின் நாத்தனார் மட்டும் திரும்பவில்லை, குனிந்துகொண்டாள். அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள், அண்ணிக்குப் பக்கத்து மேஜை. முந்தின நாள் வாய்திறப்பார் அவளிடம், "இங்க யாருக்காவது காதுல குறை உண்டாம்மா?" என்று அன்பாக விசாரித்திருந்தார். அவளும் அன்பாகச் சொல்லியிருந்தாள்.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் 'பெரிய வாய்திறப்பு'. படிக்கட்டில் வரிசை நிற்கும் தெருக்காரர்களும் தங்கள் கம்ப்யூட்டரோடு மொத்தமாக உள்ளே வரலாம். அதோடு எல்லா இயந்திரங்களுக்கும் நிரந்தர விமோசனம். ஒரே நிபந்தனை, திங்கட்கிழமையிலிருந்து செத்த காது படியேறக் கூடாது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றார் மேனேஜர். "உங்க வேலை சுத்தம், எனக்குத் தெரியும். ஆனா பத்துப் பேர் பிழைப்பைப் பார்க்கணும் இல்லையா?"

அவளுடைய பிழைப்பு அந்தப் பத்தில் சேர்த்தியில்லை. அவளைக் கழிவறைக் கதவை ஒட்டின மேஜைக்கு மாற்றினார்கள். அவளுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் மந்திரம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கணவனின் கடை படுத்து வெகுநாளாகிறது. அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். அவள் சம்பளம் நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் வீடு நிற்காது.

"போய் அவர் கால்ல விழுந்தா ஏதாவது பரிகாரம் சொல்ல மாட்டாரா?" என்றான் கணவன்.

"எதுக்குப் பரிகாரம்? சின்ன வயசுல காய்ச்சல் வந்ததுக்கா?"

"அதுக்கில்ல..."

"பின்ன எதுக்கு? இந்தக் காதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் டைப் அடிச்சேனே, அப்ப எந்த மெஷின் தொண்டையைக் கட்டுச்சு?"

நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும் அண்ணி, சும்மா கேட்டார்னு சொன்னேன்," என்றாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது நல்லதாகப் போயிற்று. அழுதிருந்தால் மறுநாள் கண் வீங்கியிருக்கும். கோபம் வந்ததால் கண் திறந்திருந்தது.

மறுநாள் காலை வாய்திறப்பார் நாத்தனாரின் கம்ப்யூட்டருக்கு வாய் திறந்தபோது, அக்கா மந்திரத்தைக் கேட்கவில்லை. ஒரு காது குறைவாக இருக்கிறவர்கள் கண்ணால் அதிகம் பார்ப்பார்கள். அவள் துணிக்கு வெளியே மேஜைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் முகப்பில் ஒரு சின்ன நீல விளக்கு. மணி வேகமாக அடித்த நேரத்தில் அந்த விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. பிறகுதான் 'டிடிங்'.

'அடப்பாவி, அணைச்சுப் போடறான்! அதைத்தானே நாங்களும் தினம் பண்றோம்?'

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் தன் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து மறுபடி போட்டாள். ஊமை. இன்னொரு தடவை. ஊமை. அப்படியானால் துணிக்குள் அவன் வேறென்ன செய்கிறான்? அணைக்கிற இடத்தைத் திறந்து திரையைப் பார்த்தாள். அங்கே ஒன்றல்ல, மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி சற்றுக் கண்ணயர வைப்பதற்கு. இரண்டாவது ஷட் டவுன். மூன்றாவது ரீஸ்டார்ட். அந்த மூன்றாவதை அவள் அதுவரை தொட்டதே இல்லை. ஆபீஸில் யாருமே தொட்டதில்லை. இரண்டும் ஒன்றுதான், ஒன்றுக்கு இரண்டு பெயர் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. போதாததற்குச் சுவரெல்லாம் மேனேஜர் ஒட்டி வைத்த 'அணைக்கவும்' அறிவிப்புகள்.

அமுக்கினாள். விளக்கு அணைந்தது, எரிந்தது.

டிடிங்.

ஹெட்போனை மாட்டினாள். யாரோ ஒரு பெரியவரின் முழங்கால் வீக்கத்தைப் பற்றி ஒரு டாக்டர் கொட்டாவி விட்டபடி பேசிக்கொண்டிருந்தார். அதைவிட நல்ல சங்கீதத்தை அவள் கேட்டதில்லை. அவசரப்படவில்லை. மறுபடி ஷட் டவுன் செய்து போட்டாள், ஊமை. ரீஸ்டார்ட் கொடுத்தாள், பேசியது. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பேயோ செத்த காதோ இதில் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கழிவறைக் கதவைப் பார்த்தாள், உடம்பெல்லாம் எரிந்தது.

நாத்தனார் சாப்பிட்டு வந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்துக் காட்டினாள்.

நாத்தனார் வாயைப் பிளந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, இது ஐயா காலையில போட்ட மந்திரத்தோட மிச்சம். இந்த ரூம் பூரா பரவியிருக்கும் இல்ல?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒருத்தியிடம் காட்டினால் போதாது என்று அப்போதுதான் புரிந்தது. உண்மையைத் தனியாகச் சொன்னால் அதற்கும் ஒரு மந்திரத்தின் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். பொய்யன் தோற்பதை எல்லோரும் பார்க்க வேண்டும்; அதுவும் அவனே தன் வாயால் போட்ட நிபந்தனைப்படி தோற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹாலில் மூச்சு விட இடமில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒரு பக்கம், தெருக்காரர்களுடையது தரையிலும் ஜன்னல் மேடையிலும். எல்லாவற்றையும் காலையில் போட்டுப் பார்த்து, ஊமைதான் என்று உறுதி செய்து வைத்திருந்தார்கள். வாய்திறப்பார் இடுப்பில் கை வைத்து நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தார். முகத்தில் உண்டியல் தெரிந்தது.

முதல் கம்ப்யூட்டர் மேல் துணியை விரிக்கப் போனார். கழிவறைக் கதவருகிலிருந்து ஒரு குரல் பணிவாக வந்தது.

"ஐயா, ஒரு சின்ன விண்ணப்பம்."

"செத்த காது பேசக் கூடாது," என்றார் அவர்.

"காதுதானே ஐயா செத்துச்சு? வாய் நல்லா இருக்கு. இத்தனை மெஷினுக்கும் தனித்தனியா மந்திரம் போட்டா சாயங்காலம் ஆயிடும். உங்க சக்திக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்? நடுவுல நாற்காலி போடறோம். உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சொல்லுங்க. எல்லாத்துக்கும் ஒரேயடியா வாய் திறந்துடட்டும்."

மேனேஜரின் முகம் பளிச்சென்று ஆயிற்று. அவர் மனக்கண்ணில் மலை போல் தேங்கிய வேலை ஓடியது. "அட, ஆமாம்! இது எனக்குத் தோணாமப் போச்சே! ஐயா, அப்படியே பண்ணிடுங்க!"

"ஆமாங்கய்யா, எனக்கு மூணு மணிக்குக் கிளாஸ்," என்றார் ட்யூஷன் டீச்சர்.

"அது... துணி மூடணும்," என்றார் வாய்திறப்பார்.

"மூடிடலாம்!" கூட்டம் பாய்ந்தது. ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, பாட்டு வாத்தியாரின் சட்டை எல்லாம் கம்ப்யூட்டர்களின் மேல் ஏறின. பக்தி மிகுந்துவிட்டால் பக்தர்களே சாமியாரை மூலையில் தள்ளிவிடுவார்கள். அவர்களுக்கு அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவருக்குத்தான் இல்லை.

"தொடாம... ஒவ்வொண்ணையும் தொட்டாத்தான்..."

"நேத்துதானே சொன்னீங்க, உங்க மந்திரம் ஏழு கடல் தாண்டிப் போகும்னு?" என்றார் டிக்கெட் பதிவுக்காரர் வெள்ளந்தியாக. "இந்த மேஜை தாண்டாதா?"

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு கையில் மணி, இன்னொரு கை மார்பில். எல்லோரும் பார்க்க, அத்தனை வெளிச்சத்தில், வாய்திறப்பார் வாய் திறந்தார்.

"சத்தமே வா, நித்தமே வா, மொத்தமாய் வா..."

சத்தம் வரவில்லை. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. மறுபடி சொன்னார். குரலை உயர்த்திச் சொன்னார். எழுந்து நின்று சொன்னார். கம்ப்யூட்டர்கள் மூச்சு விடவில்லை. வாய்திறப்பாருக்கு வேர்த்தது. சட்டென்று விரலை நீட்டினார்.

"அந்தக் காது! அதை உள்ள வெச்சுக்கிட்டு எப்படி வரும்? வெளியே அனுப்புங்க!"

"போறேன்," என்றாள் அக்கா. அவள் எதிர்பார்த்ததே அதுதான். வரிசையாக எல்லோரையும் தாண்டிப் படியிறங்கி, டயர் கடை வாசலுக்கே போய் நின்றாள். ஸ்டூடியோக்காரர் மாடி ஜன்னலிலிருந்து, "கீழ போயிட்டாங்க, தெருவுல நிக்கறாங்க!" என்று சாட்சி சொன்னார்.

இப்போது செத்த காது இல்லை. மந்திரம் இருக்கிறது, மணி இருக்கிறது, மகான் இருக்கிறார். மகான் தொண்டை கட்டும் வரை கத்தினார். மணியின் நாக்கே கழன்று விழுந்துவிடும் போல் ஆட்டினார். ஒரு கம்ப்யூட்டராவது முனகியிருக்க வேண்டாமா? ஒன்றும் இல்லை. கூட்டத்தில் முதலில் யாரோ இருமினார்கள். பிறகு யாரோ, "காதுதான் வெளிய போயிடுச்சே," என்றார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அண்ணி! மேல வாங்க!" என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டது நாத்தனார்.

அக்கா மேலே வந்தாள். நேராக நாத்தனாரின் கம்ப்யூட்டருக்குப் போனாள். தலையைத் துணிக்குள் விட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து கம்பீரமாகக் குரல் வந்தது:

"கடைசியாகச் செல்பவர் மின்விசிறியை அணைக்கவும்! குழாயைத் திறந்து விடாதீர்! டீ கிளாஸை மேஜை மேல் வைக்காதீர்! வைக்காதீர்! வைக்காதீர்!"

டிடிங்.

அடுத்த கணம் டிக்கெட் பதிவுக்காரர் தடாலென்று அவள் காலில் விழுந்தார். "அம்மா! தாயே!"

"அந்தக் காதுலதான் சக்தி இருந்திருக்கு!" என்றார் ட்யூஷன் டீச்சர் மெய்சிலிர்த்து. "நாமதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்!"

பாருங்கள் கொடுமையை! ஒரு நிமிஷம் முன்பு தெருவில் நிறுத்தினவர்கள், இப்போது அவளைப் பீடத்தில் ஏற்றப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவே யோசிக்க வேண்டிய ஒரு இடம் இருந்தது. அதில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியை உருவித் தரையில் எறிந்தாள்.

"எழுந்திருங்க சார், எழுந்திருங்க! நான் சொன்னது மந்திரமா? உங்க பின்னாடி சுவர்ல ஒட்டியிருக்கு, திரும்பிப் படிங்க!"

திரும்பிப் படித்தார்கள். மேனேஜரின் கையெழுத்தோடு சுவரில் இருந்தது, மின்விசிறி, குழாய், டீ கிளாஸ் எல்லாம்.

"இதோ, எல்லாரும் இங்க பாருங்க. இது ஷட் டவுன். இதைத்தான் நாம தினம் பண்றோம், இவரும் தினம் பண்ணச் சொல்றார். இது ரீஸ்டார்ட். இதைத்தான் இவர் துணிக்குள்ள பண்றார். அவ்வளவுதான். நீங்களே பண்ணுங்க. வாயைத் திறக்காம பண்ணுங்க."

முதலில் நாத்தனார் அடுத்த மேஜையில் அமுக்கினாள். டிடிங். பாட்டு வாத்தியார் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அமுக்கினார். டிடிங். பிறகு ஹால் முழுக்க, ஜன்னல் மேடையில், தரையில், டிடிங், டிடிங், டிடிங்.

மேனேஜர் உதவி எண்ணுக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தார். அதே பெண்தான்.

"சார், ஷட் டவுன் பண்ணினா இந்த மாடல் முழுசா அணையறதில்ல. காலையில சீக்கிரம் எழுந்திருக்கணும்னு பாதித் தூக்கத்துலதான் படுக்கும். சத்தத்தைக் கவனிச்சுக்கற டிரைவர்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. அதுக்கு அந்தப் பாதித் தூக்கத்துலேர்ந்து எழுந்திருக்கத் தெரியலை. ரீஸ்டார்ட் கொடுத்தா எல்லாத்தையும் புதுசா எழுப்பும், அதுவும் எழுந்துக்கும். புது டிரைவர் போட்டுட்டா இந்தத் தொல்லையே இருக்காது. இதைத்தானே சார் அன்னிக்குச் சொல்ல வந்தேன்? நீங்க வெச்சுட்டீங்க."

இந்தத் தடவை மேனேஜர் போனை மெதுவாக வைத்தார்.

வாய்திறப்பார் மணியை அங்கிக்குள் செருகிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். நாத்தனார் குறுக்கே போய் நின்றாள். "உண்டியலை வெச்சுட்டுப் போங்க. எங்க அண்ணியைத் தெருவுல நிக்க வெச்சீங்களே, வெக்கமா இல்ல?"

உண்டியலை வைத்தார். வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். கதையிலேயே அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"எனக்கு எதுக்கு வெக்கம்? முனைக் கடையில ரிப்பேர் பார்க்கற ஆளா உட்கார்ந்திருந்தப்ப, இதே ரீஸ்டார்ட்டை வர்றவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். 'இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா'ன்னு திட்டிட்டுப் போனாங்க, என் முகத்தை ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கல. அதையே துணியைப் போட்டு மூடிச் செஞ்சேன். கால்ல விழுந்தாங்க. நான் பண்ணினது தப்புதான். நீங்க பண்ணினது என்ன?"

நீல அங்கி படியிறங்கிப் போயிற்று. அவரை நல்லவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உண்மை தெரிந்திருந்தும் ஒருத்தியின் காதை விற்றுப் பிழைத்தவர். ஆனால் வாங்க ஆள் இருந்ததால்தானே விற்றார்?

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அக்கா, நீங்க திங்கக்கிழமை வழக்கம் போல வந்துடுங்க."

ஏதோ அவர் தருகிற சலுகை மாதிரி!

"வர்றேன். எனக்கு வேற போக்கிடம் இல்ல, அதனால கட்டாயம் வர்றேன். ஆனா என் காதுனால ஒரு மெஷினும் கெடலைன்னு இப்ப, இத்தனை பேர் முன்னாடி, நீங்க சொல்லணும்."

மேனேஜர் முனகலாகச் சொன்னார்.

"சத்தமா, சார். எனக்கு ஒரு காதுதான் கேக்கும்."

சத்தமாகச் சொன்னார். அக்கா தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு கழிவறைக் கதவருகிலிருந்து பழைய மேஜைக்கு வந்தாள். நடுவழியில் ஒரு கை கொடுக்க நாத்தனார் ஓடி வந்தாள். தேவையில்லை என்று அக்கா சொல்லவில்லை. உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கூட்டம் கம்ப்யூட்டர்களை அணைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. டிக்கெட் பதிவுக்காரர் மட்டும் போகவில்லை. தயங்கித் தயங்கி அவள் மேஜைக்கு வந்து, குனிந்து, ரகசியமாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. அந்த ரீஸ்டார்ட்டை அமுக்கும்போது மனசுல என்ன நினைக்கணும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதையாவது யோசிங்க, சார். இத்தனை நாளா இங்க ஒருத்தரும் செஞ்சு பார்க்காதது அது ஒண்ணுதான்."